முழங்கால் நோவும் பனிக்கட்டி ஒத்தடமும்

நெசவும் உழவும் உடலுழைப்பையே முதலாகக் கொண்ட தொழில்கள். குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மாறி மாறி மிதிப்பவரும், சேற்றில் நின்று நாற்று நடுபவரும், குந்தியிருந்து களை பறிப்பவரும் தம் முழங்கால்களை நம்பியே பிழைக்கின்றனர். சங்கத்தின் தறிகளுக்கும் கட்டடத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் கணக்கிட்டு ஒதுக்கி வைக்கிறோம். அங்கத்தினரின் முழங்காலுக்கு உண்டாகும் தேய்மானத்தை மட்டும் எந்தப் பேரேட்டிலும் நாம் எழுதுவதில்லை. அது முற்றிய பின்னரே, தறி நின்று கூலி குறைந்த பின்னரே, நம் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்ஙனம் தேய்ந்து போன மூட்டுக்கு இக்கால மருத்துவம் கண்டுள்ள இறுதிப் பரிகாரம் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையாகும். தொடையெலும்பின் கீழ்முனையையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையையும் செதுக்கி, அவற்றின்மேல் உலோகப் பாகங்களைப் பொருத்தி, நடுவே பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக் தகட்டை வைக்கின்றனர். ஒரு காலத்தில் செல்வர்க்கு மட்டுமே எட்டிய இச்சிகிச்சை இன்று அரசாங்க மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. 2017 ஆகஸ்டு மாதத்தில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. பெரும்பாலோர்க்குப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்கு மேற்படலாகாது என்று அப்போது வரையறுக்கப்பட்டது. அதற்கு முன்னர் அதே மூட்டு ஒன்றரை லட்சத்திற்கு மேல் விற்றது. விலைக் கட்டுப்பாட்டினால் ஏழை எளியவர்க்கு உண்டான நன்மையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் ஈண்டு நாம் பேச எடுத்துக்கொண்டது அறுவையைப் பற்றியன்று. அறுவை முடிந்து வீடு திரும்பியவர் படும் நோவைப் பற்றியும், அந்நோவின் பெயரால் நடைபெறும் வீண் செலவைப் பற்றியுமே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

அறுவைக்குப் பிறகு முழங்கால் வீங்கிச் சூடு கொண்டிருக்கும். எலும்பைச் செதுக்கிய இடமாதலால் நோவு கடுமையாகவே இருக்கும். அந்நோவுடனேயே, பெரும்பாலும் அறுவை நடந்த நாளிலோ மறுநாளிலோ, நோயாளி எழுந்து நடக்கவும் காலை மடக்கி நீட்டவும் தொடங்க வேண்டும். நோவுக்கு அஞ்சிக் காலை அசைக்காதிருந்தால் மூட்டு இறுகிவிடும். இறுகிய மூட்டோடு வீட்டுப் படி ஏறுவதே அரிதென்றால், தறி எங்கே, வயல் எங்கே! ஆகவே நோவைத் தணிப்பது வெறும் சுகத்திற்காக அன்று. செய்த சிகிச்சை பயன் தருவதற்காகவே என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

இரு கோடிகள்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம் இவ்விஷயத்தில் இரு கோடிகளைக் காண்கிறோம். ஒரு நெசவாளர் சங்கத்தில் அங்கத்தினர் ஒருவர் கடன் கேட்டு எழுதிய விண்ணப்பம் நம் பார்வைக்கு வந்தது. சிகிச்சைச் செலவுக்கன்று; சிகிச்சை முடிந்தபின் காலைக் குளிர வைக்கும் பொறி ஒன்றை வாடகைக்கு எடுத்ததற்கு! ஒரு பெட்டியில் பனிக்கட்டியும் தண்ணீரும் இட்டு, சிறு மோட்டாரினால் அக்குளிர்நீரை முழங்காலைச் சுற்றிய பட்டைக்குள் ஓடச் செய்வது அப்பொறி. அது இல்லாவிடில் கால் தேறாது என்று யாரோ சொல்ல, வீட்டார் அஞ்சி, வீட்டு நகையை அடகு வைத்து வாடகை கட்டியிருக்கின்றனர். அந்த அடகை மீட்கவே சங்கத்தில் கடன் கேட்டனர். ஒரு மாத நெசவுக் கூலி அந்த வாடகையிலேயே கரைந்து போயிற்று.

மற்றொரு கோடி இதற்கு நேர் எதிரானது. “குளிர்ச்சி பட்டால் வாதம் கிளம்பும், ஜன்னி காணும்” என்று பனிக்கட்டியை வீட்டிற்குள்ளேயே விடாது, புதுத் தையல் போட்ட முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடமும் சுடுமணல் ஒத்தடமும் கொடுப்போரும் நம்மிடையே உளர்.

முன்னவர் பொருளை இழக்கிறார். பின்னவர் நலத்தை இழக்கிறார். குளிர் ஒத்தடம் நல்லதோர் உதவி. ஆனால் சிறு உதவி. சிறு செலவில் கிடைக்கும் உதவி. அதைப் பெறுவதற்குப் பொறியும் வேண்டா, அச்சமும் வேண்டா. இதுவே நமது அபிப்பிராயம். இதற்குரிய காரணங்களைக் கீழே கூறுகிறோம்.

பனிக்கட்டியின் கதை

பனிக்கட்டி நம் நாட்டில் அருமையான பொருளாக இருந்த காலம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகரான பிரெடரிக் டியூடர், அந்நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பின்னர் சென்னைக்கும் அச்சரக்கு வந்தது. அதைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் கடற்கரையில் எழுப்பப்பட்டதே ‘ஐஸ் ஹவுஸ்’ என்று மக்கள் அழைத்த கட்டடம். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அக்கப்பல் வாணிகம் மறைந்தது.

கடல் கடந்து வந்து துரைமார் குவளைகளில் மட்டும் மிதந்த அப்பொருள் இன்று மீன் கடையிலும் பழச்சாற்றுக் கடையிலும் கிடைக்கிறது. குளிர்ப்பெட்டியுள்ள வீட்டில் காசின்றியே கிடைக்கிறது. எளிதாகிவிட்ட ஒரு பொருளைப் பொறிக்குள் அடைத்து மீண்டும் அருமையாக்கி விற்பதைக் காணும்போது வியப்பே உண்டாகிறது.

குளிர் செய்யும் வேலை

குளிர்ச்சி நோவை எவ்வாறு தணிக்கிறது? தோலும் அதன் கீழுள்ள தசையும் குளிரும்போது அங்குள்ள சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அதனால் வீக்கத்திற்குக் காரணமான நீர் கசிவது குறைகிறது. நோவின் செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புகளின் வேகமும் குறைகிறது. இடம் மரத்துப் போவது இதனால்தான்.

தண்ணீரை விடப் பனிக்கட்டி சிறந்ததாவது ஏன் என்பதும் அறியத்தக்கது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதற்கு ஒரு கலோரி வெப்பம் போதும். ஒரு கிராம் பனிக்கட்டி உருகித் தண்ணீராவதற்கோ ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைப் பனிக்கட்டி நம் காலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உருகி முடியும் வரையில் பை குளிர்ந்தே இருக்கும். பொறிக்குள் ஓடுவதும் இதே பனிக்கட்டியால் குளிர்ந்த தண்ணீர்தான். அதற்கெனத் தனிக் குளிர் ஏதும் இல்லை.

ஆராய்ச்சி கூறுவது

நூலை வாங்கும்போது நம்பரையும் எடையையும் சரிபார்க்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. மருத்துவத்திலும் சரிபார்க்கும் முறை உண்டு. பல நாடுகளில் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி எடை போடும் காக்ரேன் என்னும் அமைப்பு, முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் குளிர் ஒத்தடம் கொடுப்பதைப் பற்றி 2012-இல் ஒரு தொகுப்பாய்வும் 2023-இல் அதன் புதுப்பித்த பதிப்பும் வெளியிட்டது. பின்னதில் 22 சோதனைகள், 1,839 நோயாளிகள். பத்து மதிப்பெண் அளவில் நோவை அளந்தபோது, அறுவை முடிந்த 48 மணி நேரத்தில், குளிர் ஒத்தடம் பெற்றவர்க்கு நோவு ஏறத்தாழ ஒன்றரை மதிப்பெண் குறைவாக இருந்தது. இரத்தக் கசிவும் ஓரளவு குறைவு. கால் மடங்கும் அளவு சற்றே மிகுதி. ஆயினும் இச்சான்றுகள் உறுதி குறைந்தவை என்றும், கிடைக்கும் நன்மை சிறிதே என்றும் அத்தொகுப்பாசிரியர்களே எச்சரிக்கின்றனர்.

பொறியைப் பற்றிய தீர்ப்பு இன்னும் தெளிவானது. அமெரிக்க எலும்பு மருத்துவ நிபுணர் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் குளிரூட்டும் பொறிகளைப் பயன்படுத்துவதால் பலன் மேம்படுவதில்லை என்று கூறியுள்ளது. 2014-இல் வெளியான பெல்ஜியத்து ஆய்வொன்றில் 116 நோயாளிகளுள் ஒரு சாராருக்குப் பொறியும் மறு சாராருக்குச் சாதாரணக் குளிர்ப்பையும் கொடுத்துப் பார்த்தனர். நோவில் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நன்மை சிறிதாயினும், செலவும் அதற்கேற்பச் சிறிதாயின் ஏற்கத்தக்கது. சிறு நன்மைக்குப் பெருஞ்செலவு செய்வது கணக்குக்கு ஒவ்வாது. வெறும் வேட்டி நெய்வதற்கு ஜக்கார்டுப் பெட்டி மாட்டுவார் உண்டோ?

தனியே வாழ்பவர், பனிக்கட்டி மாற்றிக் கொடுக்க ஆளில்லாதவர் ஆகியோர்க்குப் பொறி வசதியாக இருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. வசதியுடையவர் வசதிக்காக வாங்கட்டும். ஆனால் அது இன்றியமையாதது என்று நம்பி ஓர் அங்கத்தினர் நகையை அடகு வைப்பதும், சங்கம் அதற்குக் கடன் கொடுப்பதும் தகாது.

செய்யும் முறை

எளிய பொருளாயினும் முறை தவறினால் தீங்கு செய்யும். உடைத்த பனிக்கட்டியைச் சிறிது தண்ணீருடன் கெட்டியான பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, நம் தறியில் நெய்த ஈரிழைத் துண்டு ஒன்றில் சுற்றி முழங்காலின் மேலும் பக்கங்களிலும் வைக்கலாம். ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிஷம் போதும். பின்னர் ஓரிரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, நாளொன்றுக்குச் சில தடவை செய்யலாம். காலை மடக்கி நீட்டும் பயிற்சி முடிந்த பிறகு வைப்பது மிகுந்த இதம் தரும். கட்டின் மேல் வைப்பதாயின் கட்டு நனையாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். இங்கிலாந்து முதலிய நாடுகளில் உறைந்த பச்சைப் பட்டாணிப் பையையே துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. காலின் வடிவுக்கு அது நன்கு படியும். விளைவிப்போர்க்கு இச்செய்தி சுவையாக இருக்கும்!

கடையில் விற்கும் குளிர்ப்பைகளில் ஒரு கவனம் வேண்டும். உருகும் பனிக்கட்டியின் குளிர் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போவதில்லை. உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்த பையோ பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி வரையில் இருக்கக்கூடும். அதைத் துணியின்றித் தோலில் வைத்தால் நெருப்புப் பட்டது போலவே தோல் வெந்து புண்ணாகும். மேலும், இவ்வறுவையில் முழங்காலின் முன்புறத்துச் சிறு நரம்புக் கிளை அறுபடுவது வழக்கமாதலால், தழும்பின் வெளிப்பக்கத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். அவ்விடத்தில் புண்ணானாலும் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே ஐந்து நிமிஷத்திற்கு ஒரு தடவை துண்டை விலக்கித் தோலைப் பார்ப்பது அவசியம். தோல் வெளிறினாலும் கன்றிச் சிவந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். பையை வைத்துக்கொண்டே உறங்குதல் கூடாது.

நீரிழிவினால் காலில் உணர்ச்சி குறைந்தவர், காலில் இரத்த ஓட்டம் குன்றியவர், குளிர் பட்டதும் உடலில் தடிப்பு எழுபவர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்தலாகாது. காலை உயர்த்தி வைக்கும்போது குதிகாலுக்கடியில் தலையணை வைக்க வேண்டுமேயன்றி முழங்காலுக்கடியில் வைக்கலாகாது. அங்கு வைத்தால் கால் மடங்கியபடியே பழகிவிடும். பனிக்கட்டி இதமளிப்பதனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுவதும் தவறு. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி அதிகமாக விழுங்குவதும் தவறு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. கெண்டைக்கால் வீங்கி நோகுமாயினும், மூச்சுத் திணறலோ மார்பு வலியோ காணுமாயினும், காய்ச்சல் வருமாயினும், தையலிலிருந்து சீழோ நீரோ வடியுமாயினும், பனிக்கட்டியை நம்பி ஒரு நாழிகையும் காத்திருத்தல் கூடாது. இவை இரத்தக் கட்டிக்கோ கிருமித் தொற்றுக்கோ அறிகுறிகளாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மற்றபடி, மூட்டின் வீக்கமும் வெதுவெதுப்பும் சில மாதங்கள் வரையில் நீடிப்பது இயல்பே. அதைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை.

பெரியோர் சொல்லும் வெந்நீர் ஒத்தடத்தை நாம் இகழவில்லை. நாட்பட்ட பிடிப்புக்கும் தசை இறுக்கத்திற்கும் சூடு இதமானதே. ஆனால் புதிதாக அறுத்துத் தைத்த இடத்தில் சூடு வைத்தால் இரத்த ஓட்டம் மிகுந்து வீக்கமும் மிகும். வறண்ட வயலுக்கு நீர் பாய்ச்சுவது அறிவு; வெள்ளம் நிற்கும் வயலுக்கும் பாய்ச்சுவது அறிவாகுமா? துண்டில் சுற்றிச் சில நிமிஷம் முழங்காலில் வைக்கும் குளிர்ச்சியால் ஜன்னி காணுமென்று அஞ்ச வேண்டா.

சங்கங்கள் செய்யத்தக்கது

“கணக்குப் பார்க்க வந்தவருக்கு வைத்தியத்தில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். அங்கத்தினரின் பணம் எங்கே வீணாகிறதோ அங்கே நமக்கு வேலை உண்டு என்பதே நமது விடை. நூல் வியாபாரியும் வட்டிக் கடைக்காரரும் தனித்தனியாக நின்ற நெசவாளரை ஏமாற்றியதால் அல்லவோ கூட்டுறவு பிறந்தது? நோயுற்றுப் படுத்தவன் அவ்வாறு தனித்து நிற்பவனே. அவனுக்கு விலை கேட்கவும் தெம்பில்லை. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை.

ஆதலின் ஒவ்வொரு சங்கமும், உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொதுச் சபையின் ஒப்புதலோடு பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். திரும்பத் திரும்பப் பயன்படும் குளிர்ப்பைகள் நான்கு, ஊன்றி நடப்பதற்கான வாக்கர் இரண்டு, குந்த இயலாதவர்க்குக் கழிப்பறையில் உதவும் உயர்ந்த நாற்காலி ஒன்று ஆகியவற்றை வாங்கி வைத்தால் போதும். அறுவை செய்துகொண்ட அங்கத்தினர்க்கு அவற்றை வாடகையின்றிக் கொடுத்து, தேறியதும் திரும்பப் பெற்று, கழுவித் துடைத்து வைத்து, ஒரு பதிவேட்டில் எழுதிவரலாம். ஒருவர் ஆறு வாரம் பயன்படுத்திய பொருள் அடுத்தவர்க்கு உதவும். தனித்தனியே வாங்கினால் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் தூசி படிந்து கிடப்பது, கூட்டாக வாங்கினால் ஊர் முழுவதற்கும் உழைக்கும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார்க்கு என்ன வழி என்று கேட்கலாம். உறைபெட்டி உள்ள பாலகம் அருகில் இருக்குமாயின், குளிர்ப்பைகளை அங்கு வைத்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நெசவாளர் சங்கக் காரியதரிசி பால் கூட்டுறவுச் சங்கத்தாரிடம் பேசிச் செய்யலாம். சங்கங்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்றல் வேண்டும் என்பதைச் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1966-இலேயே கூட்டுறவுக் கோட்பாடுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதைக் கூட்டுறவு வார விழா மேடைகளில் மட்டும் சொல்லிக்கொண்டிராமல், ஒரு நோயாளியின் முழங்காலுக்குப் பனிக்கட்டி கொடுக்கும் சிறு காரியத்திலாவது நடத்திக் காட்டலாகாதா?

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினரையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். சிகிச்சைக்கென்று கடன் கேட்டு வருபவரிடம் என்னென்ன செலவு என்று அன்போடு விசாரியுங்கள். இன்றியமையாததற்குத் தயங்காமல் கொடுங்கள். வீணானது அதில் கலந்திருந்தால், மருத்துவரை மீண்டும் ஒருமுறை கேட்டு வரும்படி சொல்லுங்கள். கடனைத் தாராளமாகக் கொடுக்கும் சங்கத்தைக் காட்டிலும், வேண்டாத கடனிலிருந்து அங்கத்தினரைக் காக்கும் சங்கமே மேலானது.

அடுத்த பொதுச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு துண்டு, ஒரு பை, ஒரு படி பனிக்கட்டி: இவற்றால் ஆகக்கூடிய காரியத்திற்கு எந்த அங்கத்தினர் வீட்டு நகையும் அடகுக் கடைக்குப் போகாதிருக்கட்டும்.